உப்பளத்து வாசலில் ஒரு கெபி

கூட்டமாக நின்று கூலி கேட்பது குற்றமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. ஜெபக் கூட்டத்துக்கு மட்டும் தடையில்லை. அதனால் தூத்துக்குடி உப்பளத்து வாசலில் வியாகுலமேரியும் முந்நூறு தொழிலாளிகளும் பதினொரு நாளாக முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். கம்பத்திலிருந்த கேமரா ஒவ்வொரு வாயையும் கவனித்துக்கொண்டிருந்தது. ஜெபம் தவிர வேறு ஏதாவது பேசினால் போனிலிருக்கும் அடையாள அட்டை முடங்கிவிடும். அப்புறம் ரேஷனும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது.

பன்னிரண்டாம் நாள் காலையில் மேனேஜர் சிரித்தபடி வந்து, வாசலோரம் எதையோ மூடியிருந்த நீலத் துணியை இழுத்தார். உள்ளே பளிங்கில் ஒரு மாதா கெபி, குகை போலக் குடைந்த சிறு கோயில்.

"ஒங்க ஜெபத்த முதலாளி கேட்டுட்டாரும்மா. இனி வெயில்ல கெடக்க வேண்டாம், நெழல்ல இருந்தே கும்புடலாம்."

வியாகுலமேரி கெபியையும் மேனேஜரையும் மாறிமாறிப் பார்த்தாள். உப்பு அரித்த பாதங்களில் எரிச்சல்கூடத் தெரியவில்லை. இத்தனை நாளும் தன்னைத்தான் கும்பிட்டார்கள் என்றா அந்த முதலாளி நினைத்துக்கொண்டார்?

"கும்புடுக்கா, கேமரா பாக்குது," என்று பக்கத்திலிருந்த ரெஜினாள் முழங்கையால் இடித்தாள்.

வியாகுலமேரி எழுந்தாள். "நாங்க கும்புட்டது கடவுள. ஒங்க முதலாளிகிட்ட கேட்டது கூலிய," என்றாள் உரக்க.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் இடுப்பிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்து அணைந்தது.

மேனேஜர் பதறிப்போய் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா, ஜெபத்த சொல்லுங்க. நிறுத்துனா இது கூலி கேக்குற கூட்டம்னு ஆயிரும், எல்லார் அட்டையும் முடங்கிரும்."

முந்நூறு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.