மூன்றாவது படிக்கல்

அஸீஸா ஏறி நின்றதும் தராசின் பலகை ஒருமுறை முனகியது.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எண்ணை அவள் பார்க்க மாட்டாள், அதை ஷரிபுதீன்தான் பார்க்க வேண்டும் என்று வீட்டிலேயே கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள்.

அது சாய்ந்தமருதில் அவளுடைய அண்ணன், மீராமுகைதீன் காக்கா நடத்தும் கருவாட்டுக் கிட்டங்கி. கொழும்புக்குப் போகும் சாக்குகளை நிறுக்கிற தராசு அங்கே இருந்தது.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். ஊரின் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். காக்கா ஒன்றும் கேட்காமல் சாவியைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுத் தொழப் போய்விட்டார். கல்யாணம் முடித்த இந்தப் பதினாறு வருசத்தில் ஷரிபுதீன் ஜும்ஆவைத் தவறவிட்டது இதுதான் முதல் தடவை.

கல்முனை டொக்டரின் தராசில் இருநூற்றைம்பது இறாத்தலுக்கு மேல் கோடு இல்லை. போன திங்கட்கிழமை அவள் ஏறியபோது முள் ஒரே பாய்ச்சலில் கடைசிக் கோட்டில் போய் இடித்து நின்றது. சரியான நிறை தெரியாமல் மருந்தைக் கூட்டித் தர ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மருந்து முதுகுப் புண்ணுக்கு. தோளுக்குக் கீழே சதை மடிந்து விழும் இடத்தில் சின்னக் கட்டியாகத்தான் வந்தது. உடைந்து ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியும் ஆறவில்லை. கண்ணூறு என்று ஓதிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். சீனி வருத்தமும் இல்லை.

"இந்த உடம்புக்குள்ள நோய் நுழைய ஏலுமா?" என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். அஸீஸாவும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஆனால் போன வருசம் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தபோது, ஈர்க்குச்சி மாதிரி இருந்த தங்கச்சி நதீரா நாலாம் நாள் எழும்பி உலை வைத்தாள். அஸீஸா நாற்பது நாள் பாயில் கிடந்தாள்.

டொக்டர் சீலைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கதைத்தார்.

"உடம்பு பெருத்தாப் பலமும் பெருக்கும் எண்டு நினைக்காதீங்க. நான் பாத்த ஆக்களில, உடம்பு மிச்சம் பெருத்தா நோயோட மல்லுக்கட்டுற சக்தி குறையுது. புண் ஆறச் சுணங்குது. ஏன் எண்டு எனக்கும் முழுசா விளங்கல்ல."

அந்நிய ஆணுக்கு முதுகைக் காட்ட அவள் சம்மதிக்கவில்லை. அதனால் புண்ணைப் பற்றி டொக்டர் ஷரிபுதீனிடம் கேட்டார். சிறுத்து வருகிறது என்று ஷரிபுதீன் சொன்னார். பெருத்தால் ஒரு நாளும் பிந்தாமல் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார் டொக்டர். அங்கே வெட்டித்தான் எடுப்பார்கள்.

வெட்டுவதென்றால் அஸீஸாவுக்கு உயிரே போய்விடும். என்னை அங்கே மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்று அன்று இரவே கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு ஷரிபுதீன் அவளுக்குப் பின்னால் உட்காருவார். இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் வைத்துப் புண்ணைக் கழுவுவார். பஞ்சால் ஒற்றுவார். ஏழு கிழமையில் ஒரு நாளும் முகம் சுளித்தார் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. கேட்டால், "இண்டைக்கு இன்னும் சின்னன்" என்பார்.

இப்போது அவர் தராசுத் தண்டில் முதல் படிக்கல்லை மாட்டினார். அஸீஸா இந்தக் கிட்டங்கியில் வளர்ந்தவள். ஒரு கல் நூறு இறாத்தலுக்குச் சமம் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது கல் கொக்கியில் விழுந்தது.

பிறகு மூன்றாவது.

கூடிப்போயிருந்தால் அவர் அதைக் கழற்ற வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் அந்தச் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அவர் கழற்றவில்லை. தண்டின் மேலிருந்த சின்ன எடையைத்தான் தள்ளினார். அது கொஞ்ச தூரம் ஊர்ந்து நின்றது. மறுபடியும் ஊர்ந்தது.

"எவ்வளவு?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இருநூத்தி அறுபது, புள்ள."

மெதுவான, தடுமாற்றமே இல்லாத குரல். கேட்ட உடனே வந்துவிடுகிற பதில்.

அவள் திரும்பவில்லை. நிறையைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரலைத்தான் ஏழு கிழமையாக ஒவ்வொரு விடியலிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பலகையை விட்டு மெல்ல இறங்கினாள். ஷரிபுதீன் அவசர அவசரமாகக் கற்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு கல்லு போட்டீங்க" என்றாள்.

அவர் கை நின்றது.

"அது கிடக்கட்டும். முதுகில இரிக்கிறது எவ்வளவு பெரிசு? உண்மையச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மற்றக் கையையும் விரித்து அதன் பக்கத்தில் வைத்தார்.

அஸீஸா அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். அழவில்லை. அவற்றைத் தன் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மட்டக்களப்பு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.