சரி சொன்ன குரல்

"வேணாம் சார். கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அம்மா எழுந்தே விட்டாள். வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறி வந்து, "அவனைச் சும்மா விடக்கூடாது சார்" என்று சற்று முன்புதான் மேசையைத் தட்டியவள் இவள்.

மகனுக்கு முகம் சிவந்தது. "விளையாடுறியாம்மா? ஆயுசு பூரா ஆஸ்பத்திரியில நர்ஸா ஓடி ஓடிச் சேர்த்த பணம். உன் முட்டி ஆபரேஷனுக்கு வெச்சிருந்தது. வட்டி குறைஞ்சாலும் பரவாயில்ல, முதல் பத்திரமா இருக்கணும்னுதானே அந்த ஆலோசகர்கிட்ட சொன்னே? தனக்கு எதுல கமிஷன் ஜாஸ்தியோ அதுல கொண்டுபோய்க் கொட்டிட்டான், பணம் கரைஞ்சு போச்சு. கேஸ் வேணாமாம்!"

வக்கீல் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அம்மாவுக்குக் காது மந்தம்.

"அம்மா, மறுபடி சொல்றேன். பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி கம்பெனியில இருந்து போன் பண்ணி, 'நஷ்டம் வரலாம், சம்மதமா?'ன்னு கேட்டிருப்பாங்க. அந்தப் பேச்சு பதிவாகி இருக்கும். முதல்ல கம்பெனிக்கே புகார் கொடுத்து அதைக் கேட்டு வாங்குவோம். அதுல நீங்க சம்மதம்னு சொல்லலைன்னா, அடுத்து குறைதீர்ப்பாளர்கிட்ட போவோம். அதுக்கும் மசியலைன்னா கோர்ட்டு. எல்லாம் அந்தப் பதிவுலதான் இருக்கு."

"சம்மதம்னு நான்தான் சார் சொன்னேன்."

"என்னது?"

"போன் வந்துச்சு. சரி சரின்னு சொல்லிட்டேன். இப்பதான் ஞாபகம் வருது."

மகன் பொரிந்து தள்ளினான். "'அம்மா, அம்மா'ன்னு அவன் குழைஞ்சதுல மயங்கிட்டே! படிச்சவதானே நீ? இனிமே காலத்துக்கும் நொண்டிக்கிட்டே கிட!"

பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மருமகள், "அத்தை..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்று அதட்டினாள் அம்மா.

வண்டியை எடுக்கிறேன் என்று மகன் தடதடவென்று இறங்கிப் போனான். மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கிய மருமகள், பாதிப் படியில் நின்று காதருகே குனிந்தாள்.

"அத்தை, அந்தப் போனை எடுத்தது நான்."

"தெரியும். என் போனை வேற யாரு எடுக்கிறா? எனக்குத்தான் ஒரு மண்ணும் கேக்காதே."

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு அந்த ஆலோசகர்கிட்ட சொன்னேன். 'அவங்க மாதிரி நீங்களே பேசிடுங்க, எது கேட்டாலும் சரின்னு சொல்லுங்க, எல்லாம் சும்மா ஒப்புக்குத்தான்'னாரு. அடுப்புல பால் பொங்கிக்கிட்டு இருந்துச்சு அத்தை. அவங்க என்ன கேட்டாங்கன்னுகூட நான் காதுல வாங்கல." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"முட்டி வலி எனக்குப் பழகிடுச்சு. இது அவனுக்குத் தெரிஞ்சா, நீ அந்த வீட்டுல நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியாது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு வா."

கீழே ஹாரன் அலறியது. மருமகள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏங்க, மேல வாங்க" என்று கூப்பிட்டாள். மாமியார் கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை.

வக்கீல் அறையில், புருஷன் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நீங்க பேசினது தப்புதான். ஆனா ஆள் மாத்திப் பேசச் சொன்னதே அந்த ஆலோசகர். பணம் போட்டவங்க சம்மதமே அங்க இல்ல. ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன். கேஸ் இருக்கு, பலமாவே இருக்கு."

மகனின் குரல் தணிந்தது. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குப் போன்ல பேசினா கேக்காதுடா. நீ அவளைத் திட்டுறது மட்டும், கதவைச் சாத்திக்கிட்டாலும் நல்லாக் கேக்கும்."