கொண்டி எந்தப் பக்கம்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது, அதைப் பழுது பார்க்க வந்த வஹ்பா உள்ளே தனியாக இருந்தார். தொழிலில் மூத்தவர் என்பதால் அவரை எல்லோரும் 'உஸ்தா' என்றுதான் அழைப்பார்கள்.

கெய்ரோவின் பழைய கட்டடங்களில் இருக்கும் லிஃப்ட் எல்லாம் அவருக்குப் பிள்ளைகள் மாதிரி. பிள்ளையே அப்பனை அடைத்துப் போட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகஸ்ட் வெக்கை. சட்டை முதுகோடு ஒட்டியது. மூச்சு வாங்கியது.

வாசல் காவல்காரர் ஓடிப்போய், தெருமுனை டீக்கடையிலிருந்து இஸ்ஸத்தையும் நஸ்ஸீமையும் கூட்டி வந்தார். இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள்.

அந்தக் கடையில்தான் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பகுதி மெக்கானிக்குகள் எல்லோரும் கூடுவார்கள். அந்த வாரம் வேலையில் யாருக்கு என்ன நுணுக்கம் பிடிபட்டதோ அதை மற்றவர்களுக்குச் சொல்வார்கள்.

வஹ்பா டீயை உறிஞ்சியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். தன் வாயிலிருந்து ஒரு சொல்கூட உதிர்க்க மாட்டார். இந்தக் கட்டடத்துக் கதவுகளை உடைக்காமல் திறக்கும் சூட்சுமத்தை இஸ்ஸத் கேட்கும்போதெல்லாம், அது தன்னோடு கபர்க்குழிக்கு வரும் என்று சிரிப்பார்.

இப்போது நான்காம் மாடிக் கதவுக்கு அப்பாலிருந்து இஸ்ஸத்தின் குரல் வந்தது.

"உஸ்தா, இன்னிக்கே கபருக்குப் போற உத்தேசமா? இல்ல, சொல்றீங்களா?"

வஹ்பாவுக்குக் கோபம் வரவில்லை. தலையை மேலே தூக்கிக் கத்தினார்.

"வெளியே நின்னு பார்த்தா கதவுக்கு இடது பக்கம் பித்தளைத் தகடுடா! கழட்டினா உள்ளே கொண்டி. மேல தூக்கிட்டு அப்புறம் தள்ளு!"

திருப்புளி திருகும் சத்தம். கதவு திறந்தது. நான்கு கைகள் அவரை மேலே தூக்கின.

இஸ்ஸத் அவரைப் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். நஸ்ஸீம் செய்தித்தாளால் விசிறினான். குத்திக்காட்டி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூச்சு சீரானதும் வஹ்பா திரும்பிக் கதவைப் பார்த்தார்.

கழற்றிய தகடு, கதவின் வலது பக்கம் ஒற்றைத் திருகில் தொங்கியது.

ஆமாம், வலதுதான். பதற்றத்தில் வாய் தவறி இடது என்று சொல்லியிருக்கிறார். இடது பக்கத்துச் சுவரை யாரும் தொட்டுப் பார்த்த அடையாளம்கூட இல்லை.

எத்தனை காலமாகத் தெரியுமோ இவர்களுக்கு.

அவர் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, டீ வந்ததும் வஹ்பா தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். கொண்டி இருக்கிறது வலது பக்கம்."

இஸ்ஸத் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்படியா உஸ்தா? முதல்லேருந்து சொல்லுங்க."