மூன்றாம் மாடி நாற்காலி

படூர் அடுக்ககத்தில் லிஃப்ட் நின்று நாற்பது நாளாகிறது. மூன்றாம் மாடிப் படி திரும்பும் இடத்தில், ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கட்டும் என்று பிரபாவதி தன் வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டிருக்கிறாள். சாயங்கால வெயில் அதன்மேல் ஜன்னல் கம்பிகளைக் கோடு கோடாய்ச் சாய்க்கிறது. ஐந்தாம் மாடி ஜஹனாரா காய்கறிப் பையை இறக்கிவிட்டு, உட்கார்ந்து முட்டியைத் தடவுகிறாள். பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டின்மேல், பராமரிப்புக் கம்பெனியை மாற்றச் சொல்லும் மனுவும் நூலில் கட்டிய பேனாவும். கூட்டம் போட்டால் ஏழு பேர்கூட வராத கட்டடம் இது. இப்போது மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள். ஜஹனாராவின் போன் சிணுங்குகிறது. கம்பெனியிலிருந்து ஆள் வரவில்லை, செய்தி மட்டும் வருகிறது: 'தங்கள் லிஃப்ட் புகார் தீர்க்கப்பட்டது.' "தீர்த்துட்டாங்களாம், பிரபா!" இருவரும் வெடித்துச் சிரிக்க, சிரிப்பு படிக்கட்டு முழுக்க இறங்குகிறது. கீழிருந்து செருப்புச் சத்தம் ஏறி வருகிறது. தரைத்தளத்து ஜெபகுமார், கையில் அதே செய்தி ஒளிரும் போனோடு. 'எனக்கு இன்னாத்துக்கு லிஃப்ட்டு?' என்று போன வாரம் கையெழுத்துப் போட மறுத்தவர். மூச்சிரைக்கக் கத்துகிறார்: "பேப்பரை எடுத்துடாதீங்கக்கா, நானும் வந்துகினு கீறேன்!" ஜஹனாரா எழுந்து, நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போடுகிறாள்.