இன்று தனி விருந்து

"வாசக் கதவுல 'இன்று தனி விருந்து'ன்னு எழுதி ஒட்டுங்க. பெரிய எழுத்துல."

பப் முதலாளி டோனல் ஸ்வீனி சிரித்தார். "எதுக்கும்மா? பப்பை மொத்தமா நீ எடுத்திருக்கேன்னு ஊருக்கே தெரியும். கால்வே பக்கத்துல சேதி பஸ்ஸுக்கெல்லாம் காத்துக்கிட்டு நிக்காது."

"பரவாயில்ல. ஒட்டுங்க."

ஒட்டினார். காசு கொடுக்கிற அமெரிக்கக்காரி கேட்டால் ஒட்டத்தானே வேண்டும்.

மாரா ஸ்வீனி பாஸ்டனில் வரலாறு சொல்லித்தரும் ஆசிரியை. அப்பா பிறந்த நாட்டைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று ஒரு வகுப்பையே இழுத்துக்கொண்டு அயர்லாந்தைச் சுற்றிவிட்டாள். கோட்டை, கல்லறை, மழை, மறுபடியும் கல்லறை. நாளைக் காலையில் விமானம்.

"டீச்சர், உங்க சொந்தக்காரங்கள்ல உயிரோட யாருமே இல்லையா?" என்றான் மார்கஸ். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். "இதுவரைக்கும் ஸ்வீனின்னு பேர் வெட்டின கல்லைத்தான் காட்டியிருக்கீங்க. கை குலுக்க ஒரு ஆளாவது வேணாமா?"

மாரா வாய் திறப்பதற்குள், சிவப்பு லெமனேட் புட்டிகளோடு வந்த டோனல் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

"நான் இருக்கேனே! வெளிய பலகையைப் பாத்தியா தம்பி? ஸ்வீனி பப். எங்க தாத்தா காலத்துக் கடை. உங்க டீச்சரும் ஸ்வீனி, நானும் ஸ்வீனி. அந்த மூக்கைப் பாரு, அப்படியே எங்க பெரியப்பா மூக்கு! இவ என் தங்கச்சிடா."

பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

"எல்லார் முன்னாடியும் சொல்றீங்க," என்றாள் மாரா. "அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"ஸ்வீனி பேச்சு மாறுவானா? நல்லாக் கேட்டே!"

மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டோனல் அதைக் கண்ணால் காட்டினார். "இது யாருக்கும்மா?"

"குடும்பத்துல மூத்தவங்களுக்கு."

அவர் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் ஆவி பறக்க வந்தன. அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண். நீலக் கோட்டு, காதில் பெரிய தங்க வளையம், கையில் துணி சுற்றிய ரொட்டி.

டோனல் பாய்ந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு முடியாது. தனி விருந்து. கதவுல ஒட்டியிருக்கில்ல?"

"நான் பாவாடை கட்டின வயசுலயும் இங்க தனி விருந்துதான் நடந்துச்சு," என்றாள் அவள். "உங்கப்பன் சொன்னாரு. என்ன விருந்துய்யா இது, இத்தனை வருசமா முடியவே இல்ல?"

"வாயப் பாரு! போ, போ. புள்ளைங்க சாப்பிடுது."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தார்.

"யாரு அவங்க?" என்றான் மார்கஸ்.

"ஊர்க்கோடியில வண்டி வீட்டுல கிடக்கிற நாடோடிக் கூட்டம். உள்ள விட்டா நாற்காலியத் தூக்கிட்டுப் போயிடும். இந்தத் தெருவுல ஒருத்தனும் அதுங்களைப் படி ஏத்த மாட்டான்."

"அப்படி விரட்டுறது சட்டப்படி தப்பில்லையா?"

"சட்டம் டப்ளின்ல இருக்கு தம்பி. அதுக்குத்தான் 'தனி விருந்து'ன்னு ஒண்ணைச் சொல்றது. இன்னிக்கு உங்க டீச்சர் புண்ணியத்துல அது நிஜமாவே ஆயிடுச்சு!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

மார்கஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். பாஸ்டனிலும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. கறுப்பினத்தவனான அவனுக்கு அது தெரியும். பக்கத்திலிருந்தவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

அதுவரை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மாரா எழுந்தாள். நேராகப் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"என்னம்மா பண்றே? தங்கச்சி, வேணாம்! நாளைக்கு ஊர்ல நான் தலை காட்ட வேணாமா?"

அந்தப் பெண் படியிலேயே மழையில் நின்றுகொண்டிருந்தாள். மாரா அவள் கையைப் பிடித்தாள். டோனலை இடித்துக்கொண்டே உள்ளே கூட்டி வந்தாள். காலி நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தாள்.

"நான்தான் சொன்னேனே கண்ணு," என்றாள் அவள், முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு. "அப்பன் சொன்னதையேதான் இவனும் சொல்வான்னு."

 

மாரா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "கை குலுக்க ஆள் கேட்டியே மார்கஸ், வா. இவங்க வின்னி ஸ்வீனி, எங்கப்பாவோட அக்கா. அவரும் அந்த வண்டி வீட்டுலதான் பொறந்தாரு. இந்த வாசல்ல இருந்து திரும்பிப் போன ஒவ்வொரு தடவையும், உள்ள யாருக்குத்தான் விருந்து நடக்குதுன்னு யோசிப்பாராம். சாகறவரைக்கும் அவருக்குத் தெரியல."

பிறகு டோனலைப் பார்த்தாள்.

"இந்த விருந்து இவங்களுக்குத்தான். என் அத்தை, உங்களுக்கும் அத்தைதானே? முதல்ல அவங்களுக்குப் பரிமாறுங்க, அண்ணே!"