ரப்பர் செய்த திருத்தம்

நாளைக்கு மேடையேறப் போகிற நாடகத்தில் இன்றைக்கும் வசனத்தை மாற்றினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பஸ் டெப்போ ஆண்டு விழா நாடகத்தை எழுதி இயக்குபவர் டைம்கீப்பர். எழுதுவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் அவருக்கு ‘ரப்பர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்பா வேஷம் ஒரு டிரைவருக்கு. யாரிடமும் அதிகம் பேசாத மனிதரை, முகம் பொருத்தமாக இருக்கிறது என்று ரப்பர்தான் இழுத்து வந்திருந்தார்.

பாடு படுவது மகளாக நடிக்கும் கண்டக்டர் பெண். டிரைவர் வசனத்தின் கடைசி வார்த்தையைப் பிடித்துத்தான் அவள் பேச வேண்டும். அதுவோ தினமும் மாறியது. நேற்று ‘பணம்’ காசானது. முந்தாநாள், மகள் காதலிக்கும் ‘பையன்’ கல்யாணத்துக்கு முன்பே ‘மாப்பிள்ளை’ ஆகிவிட்டான்.

இன்று கடைசிக் காட்சி. “நீ என் பொண்ணே இல்லை, போ வெளியே” என்று அப்பா கத்த வேண்டும். டிரைவர் இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி இருமினார்.

“எனக்கு வராது சார். வேற ஆளை வச்சிக்கங்க.”

“உங்க மேல தப்பில்லை. நான் எழுதினதுதான் சரியில்லை” என்றார் ரப்பர். “‘உன் இஷ்டம். கிளம்பும்மா.’ இது போதும். கத்தாம மெதுவா சொல்லுங்க.”

கண்டக்டர் பொரிந்து தள்ளினாள். “அப்பா கத்தினாத்தானே சார் எனக்கு அழுகை வரும்? இது என்னமோ ஊருக்கு அனுப்பி வைக்கிற மாதிரி இருக்கு.”

ரப்பர் தலையைச் சொறிந்தாரே தவிர, மாற்றியது மாற்றியதுதான்.

மறுநாள் மேடையில் டிரைவர், “உன் இஷ்டம்” என்று நிறுத்தினார். மகளின் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு மெல்ல, “கிளம்பும்மா” என்றார்.

கண்டக்டருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அரங்கில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

நாடகம் முடிந்ததும் டிரைவரின் மனைவி மேடைக்குப் பின்னால் வந்து, வசனம் எழுதியவரைத் தேடினாள்.

“ரப்பரா? எங்கேயாவது எதையாவது அழிச்சிட்டு இருப்பார்” என்றாள் கண்டக்டர், முகத்தைத் துடைத்தபடி.

“அவருக்கு நன்றி சொல்லணும்மா. இவருக்குச் சின்ன வயசுலேர்ந்து ‘ப’ன்னு ஆரம்பிச்சாலே திக்கும். நாலு பேர் சிரிச்சாங்கன்னு வெளியில வாயே திறக்கிறதில்லை.” அவள் கண் கலங்கியது. “இன்னிக்கு நாடகம் முழுக்க, இவர் வாய்க்கு வராத வார்த்தை ஒண்ணுகூட அவர் வைக்கலையேம்மா.”