அப்பாவின் இருமல்

மாடிப் படியில் கால் வைப்பதற்கு முன்பே அப்பாதுரை இருமினார். வேங்கிக்கால் புது நகர் முழுக்கக் கேட்கிற மாதிரி, பலமாக.

அவருக்குச் சளியும் இல்லை, இளைப்பும் இல்லை. மாடியில் சிகரெட் பிடிக்கிற மகன் அதைக் கீழே போட்டு மிதிக்க அவகாசம் வேண்டுமே, அதற்குத்தான் இந்த இருமல் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அப்பா கண்ணில் படாமல் பிடிப்பதற்குப் பெயர் மரியாதையாம்!

மேலே இளஞ்செழியன் அவசரமாகச் சிகரெட்டை மிதித்தான். பக்கத்தில் நின்ற ஆபீஸ் நண்பன் மாறன், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டான். இத்தனைக்கும் மாறன் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது.

மேலே வந்த அப்பாதுரை, கையிலிருந்த எக்ஸ்ரே கவரை மகன் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"டாக்டர் அவ்ளோ சொல்லியும் மறுபடியுமாடா? நுரையீரல் இப்பவே கெட்டுப்போச்சு, இன்னும் புடிச்சா தாங்காதுன்னாரு. காதுல வுழுந்துதா இல்லியா?"

"கம்மி பண்ணிட்டேம்பா."

"கம்மி பண்ற கதைய எத்தினி வருஷமா கேக்கறது? கிராம்பு குடுத்தேன், சூயிங்கம் வாங்கியாந்தேன். உங்கம்மா கிரிவலம் சுத்தி கால் வீங்கனதுதான் மிச்சம். வுட முடியாத அளவுக்கு அதுல அப்படி இன்னாடா இருக்குது?"

இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாதுரை விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார்.

மாறன் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தான்.

"அவரு கேக்கறதுல இன்னா தப்பு? போன்ல படிச்சேன். நம்மள மாதிரி, ஆம்பளைய விரும்பற ஆம்பளைங்ககிட்ட இந்தப் பழக்கம் ஜாஸ்தியாம். பயந்து பயந்து வாழற டென்ஷன்ல ஆரம்பிச்சு, கடைசில ஆளையே முழுங்கிடுதாம்."

"தெரியாமயா புடிக்கறேன்? இத வுட்டுட்டா, தினம் சாயந்திரம் உன்ன கூட்டிக்கினு மாடிக்கு எதுக்குப் போறன்னு கேப்பாங்க. இன்னா சொல்றது?"

மாறனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன் ஊருக்குப் போகிற கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் கிடைக்கிற இந்தக் கொஞ்ச நேரம்தான் ஒரு நாளில் அவர்கள் இருவருக்கும் சொந்தமானது. அதற்குக்கூட நுரையீரலைக் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டுமா?

"நீயே இல்லாம போயிட்டா, நான் மாடிக்கு வந்து யார பாக்கறது?"

இளஞ்செழியன் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

படியில் மறுபடியும் இருமல் கேட்டது.

பிடித்த கையை உதறிக்கொண்டு மாறன் தொட்டிப் பக்கம் ஓடினான். இளஞ்செழியனுக்கு இந்த முறை மிதிப்பதற்குச் சிகரெட் இல்லை.

அப்பாதுரை யாரையும் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்த வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு மகனிடம் கையை நீட்டினார். அவன் தயங்கித் தயங்கிச் சிகரெட் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான்.

அதைக் கசக்கிக்கொண்டே படி வரை போனவர், அங்கேயே நின்றார். திரும்பாமலே, அதே எரிச்சலான குரலில் சொன்னார்:

"ரெண்டு பேரும் மாடிக்கு வரதுக்கு இந்தக் கருமம் எதுக்குடா? நான் எப்பவும்போல இருமிட்டே வரேன்."